கணிப்பு முடிவுகளுக்கு ஒரு ஃபைல் டேட்டாபேஸ்: டைனிடிபியில் தொடங்கி எஸ்க்யூலைட்டில் நின்றது

பெங்களூரில் மூலக்கூறு இயக்கவியல் கணிப்பு செய்யும் சிறு குழுக்களிடம் இருப்பவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மேசைக்கடியில் ஒரு லினக்ஸ் வொர்க்ஸ்டேஷன், நிறுவனத்தின் பொதுக் கிளஸ்டரில் ஒரு கணக்கு, அதன் எல்லா நோடுகளுக்கும் (தனித்தனி இயந்திரங்கள்) என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஃபைல் பகிர்வு வழியாகத் தெரியும் ஹோம் டைரக்டரி. சர்வர் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் கிடையாது. இந்த நிலைமையில் ஆயிரக்கணக்கான ரன்களின் (ஒருமுறை ஓட்டிய கணிப்பு ஒரு ரன்) விவரத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு எங்கள் குழுவில் ஒருவழியாக விடை கிடைத்துவிட்டது. போன வழியையும் முட்டிய இடங்களையும் வரிசையாக எழுதிவைக்கிறேன். குழுவில் பாதிப் பேர் தமிழ்தான். அடுத்து வரும் மாணவர்களுக்கும் உதவும்.

ஒவ்வொரு ரன்னும் ஒரு ஜேசன் ஆவணம், அதாவது பெயரும் மதிப்புமாக எழுதிய டெக்ஸ்ட். வெப்பநிலை, அழுத்தம், சீட் (ரேண்டம் எண்களின் தொடக்க எண்), நிரலின் பதிப்பு, குவிந்ததா (நிலையான விடைக்கு வந்ததா) இல்லையா, சராசரி ஆற்றல், அணுக்களின் நகர்வைப் பதிந்த டிராஜெக்டரி ஃபைல் எங்கே இருக்கிறது என்ற விவரங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு ரன்னில் தெர்மோஸ்டாட் பகுதி இருக்கும், இன்னொன்றில் இருக்காது; ஆறு மாதம் கழித்துப் புதிதாக நாலு அளவுருக்கள் சேரும். அதனால்தான் நிலையான நெடுவரிசை கொண்ட டேபிள் ஒத்துவரவில்லை, ஆவண வடிவம் தேவைப்பட்டது. ஒரு ஆவணம் சுமார் 3 கேபி. 40,000 ரன் சேர்ந்தாலும் 120 எம்பிதான். இந்த எண்ணை முதலிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 120 எம்பிக்கு சர்வர் வேண்டியதில்லை.

மோங்கோடிபி என்ற ஆவண டேட்டாபேஸ் சர்வரைப் பலரும் சொல்வார்கள். ஃபயர்வொர்க்ஸ் மாதிரியான பணிப்பாய்வு மென்பொருள் அதைக் கேட்கவும் செய்கிறது. ஆனால் அதற்கு எப்போதும் ஓடும் ஒரு டீமன், ஒரு போர்ட், பாஸ்வேர்டு, கிளஸ்டர் ஃபயர்வாலில் அனுமதி என்று எல்லாம் தேவை. 2018இல் உரிமம் எஸ்எஸ்பிஎல் என்ற கட்டுப்பாடு கூடிய உரிமத்துக்கு மாறிய பிறகு டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ்களின் களஞ்சியங்களிலிருந்தும் அது போய்விட்டது. எனவே தேடல் ஃபைல் வடிவ டேட்டாபேஸ்களுக்குள் சுருங்கியது.

முதலில் டைனிடிபி. பைத்தானில் பிப் போட்டால் வந்துவிடும், வேறு எதையும் சார்ந்ததில்லை, சேமிப்பது ஒரு சாதாரண ஜேசன் ஃபைல். திறந்து கண்ணால் படிக்கலாம். ஒரே லேப்டாப்பில், ஒரே நோட்புக்கில், சில நூறு ஆவணங்களுக்கு இன்றும் இதையே சிபாரிசு செய்வேன். பிரச்சினை, அது எழுதும் விதத்தில் இருக்கிறது. ஒரு ஆவணம் சேர்த்தால் முழு ஃபைலையும் படித்து, முழு ஃபைலையும் திரும்ப எழுதும். 3 கேபி ஆவணங்கள் 10,000 என்றால் கடைசி ஃபைல் 30 எம்பிதான். ஆனால் ஒவ்வொன்றாகச் சேர்த்து அங்கே போய்ச் சேர டிஸ்க்கில் எழுதியது மொத்தம் 150 ஜிபி. (பத்தாயிரத்தின் வர்க்கத்தில் பாதி, பெருக்கல் 3 கேபி. கையால் போட்டுப் பார்க்கலாம்.) மாற்றங்களை நினைவகத்தில் தேக்கிவைக்கும் கேஷிங் மிடில்வேர் வைத்தால் ஆயிரம் மாற்றங்களுக்கு ஒருமுறைதான் எழுதும், வேகம் வந்துவிடும். அதற்கு விலை, நடுவில் ஜாப் செத்தால் ஃபைலுக்கு வராத ஆவணங்கள் அத்தனையும் காணாமல் போவது.

கிளஸ்டரில் ஜாப் சாவது அபூர்வமான சம்பவமும் இல்லை. நேரம் முடிந்தால், ஜாப்களை வரிசையில் வைத்து ஓட்டும் ஸ்லர்ம் முதலில் முடித்துக்கொள்ளச் சொல்லும் டெர்ம் சிக்னல் அனுப்பும், இயல்பான அமைப்பில் 30 விநாடி பொறுத்து உடனே நிறுத்தும் கில் அனுப்பும். டைனிடிபி பழைய ஃபைலின் மேலேயே, தொடக்கத்திலிருந்து எழுதுகிறது. அந்த எழுத்தின் நடுவே கில் வந்தால் பாதி புதிது, பாதி பழையதாக ஒரு ஃபைல் மிஞ்சும். ஜேசன் பார்சர் அதைத் திறக்காது. இதைவிட மோசமானது இரண்டு ஜாப் ஒரே நேரத்தில் எழுதுவது. இரண்டும் படிக்கும், இரண்டும் எழுதும், பிந்தி எழுதியது முந்தியதை அழிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரே நிரலைப் பல டாஸ்க்காக ஓட்டும் அர்ரே ஜாபில் 32 டாஸ்க் ஓடவிட்டு, கடைசியில் ஆவணங்களை எண்ணினால்தான் குறைவது தெரியும். பல பிராசஸ்களுக்கு இது உகந்ததல்ல என்று டைனிடிபியின் கையேடே சொல்கிறது. அந்தப் பக்கத்தை முதலில் படித்தால் நேரம் மிச்சம்.

அடுத்து, டேட்டாபேஸே வேண்டாம், ஒரு வரிக்கு ஒரு ஜேசன், எல்லா ஜாபும் ஒரே ஃபைலின் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகட்டும் என்ற யோசனை. லோக்கல் டிஸ்க்கில் இது நன்றாகவே ஓடும். என்எஃப்எஸ்ஸில் ஓடாது. அப்பெண்ட் என்ற செயல் என்எஃப்எஸ் நெறிமுறையிலேயே கிடையாது. கிளையண்ட் இயந்திரம் ஃபைலின் நீளத்தைக் கேட்டு, அந்த இடத்தில் எழுதுகிறது. இரண்டு நோடுகள் ஒரே நீளத்தைக் கேட்டுக்கொண்டால் ஒன்றின் மேல் ஒன்று எழுதும். லினக்ஸின் ஓப்பன் கையேட்டுப் பக்கத்தில் இந்த எச்சரிக்கை வெளிப்படையாகவே இருக்கிறது. அறிகுறி இப்படி இருக்கும்: ஒரு வரியின் நடுவில் இன்னொரு வரியின் வால், சில இடங்களில் பூஜ்ய பைட்டுகள் வரிசையாக.

மான்டிடிபி, அன்க்யூலைட், எல்எம்டிபி ஆகிய ஃபைல் டேட்டாபேஸ்களில் அதிக நேரம் செலவிடவில்லை. மான்டிடிபி மோங்கோ பாணிக் கேள்விகளை ஃபைல் மேல் ஓட்டித் தருகிறது, பின்னால் எஸ்க்யூலைட்டையோ எல்எம்டிபியையோ வைத்துக்கொள்ளலாம்; ஏற்கெனவே பைமோங்கோவில் (மோங்கோவின் பைத்தான் நூலகம்) எழுதிய நிரல் இருப்பவர்களுக்கு உதவும். ஆனால் வடிகட்டல் பைத்தானில் ஆவணம் ஆவணமாக நடக்கிறது. அன்க்யூலைட்டில் கேள்வி கேட்க அதற்கென்று தனி மொழி. எல்எம்டிபி வேகமானது, ஆனால் அது வெறும் சாவி-மதிப்புக் கிடங்கு. நெட்வொர்க் டிஸ்க்கில் வைக்காதே என்று அதன் ஆவணமும் சொல்கிறது.

மிஞ்சியது எஸ்க்யூலைட். பொதுவெளியில் (பப்ளிக் டொமைன்) விடப்பட்டது, பைத்தானோடு கூடவே வருகிறது. ஜேசன் ஃபங்ஷன்கள் 3.9 பதிப்பிலேயே வந்துவிட்டன. 2022இல் வந்த 3.38 முதல் இயல்பாகவே உள்ளே இருக்கின்றன. ஒரு டேபிள், இரண்டே நெடுவரிசை: சாவி, ஆவணம். ஆவணம் வெறும் டெக்ஸ்ட். இவ்வளவு போதும், அது ஆவண டேட்டாபேஸ் ஆகிவிடும்.

இதையும் முதலில் என்எஃப்எஸ்ஸில் வைத்து எல்லா நோடுகளையும் எழுதவிட்டுப் பார்த்தாயிற்று. "டேட்டாபேஸ் இஸ் லாக்டு" என்ற பிழை வரிசையாக வரும். பைத்தான் இயல்பாக 5 விநாடிதான் காத்திருக்கும். அதை 60 ஆக்கினால் பிழை குறையும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். எஸ்க்யூலைட் நம்பியிருப்பது ஃபைல் லாக்குகளை. பல என்எஃப்எஸ் அமைப்புகளில் அவை ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று எஸ்க்யூலைட்டை எழுதியவர்களே சொல்கிறார்கள். லாக் பொய் சொன்னால் வெறும் தாமதத்தோடு போகாது, ஃபைலே கெட்டுப்போகும். டபிள்யூ.ஏ.எல். முறைக்கு (மாற்றங்களை முதலில் தனிப் பதிவு ஃபைலில் எழுதும் முறை) மாற்றினால் தீரும் என்று இணையத்தில் பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த முறையில் எல்லா பிராசஸ்களும் ஒரு நினைவகப் பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே எல்லாம் ஒரே இயந்திரத்தில் இருந்தாக வேண்டும். இரண்டு நோடுகளிலிருந்து டபிள்யூ.ஏ.எல். ஃபைலைத் திறப்பது தவறு, ஓடுவதுபோல் தெரிந்தாலும் தவறு.

இங்கேதான் தேர்வின் அடிப்படையே மாறியது. எந்த டேட்டாபேஸில் கேள்வி கேட்பது சுலபம் என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், எந்த டிஸ்க்கில் எழுதுகிறார்கள் என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. எழுதுபவர் ஒருவராக இருந்து, டிஸ்க் லோக்கலாக இருந்துவிட்டால் மேலே சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடும்.

அதன்படி அமைத்தது இது. கம்ப்யூட் நோடில் ஓடும் ஜாப் டேட்டாபேஸைத் தொடவே தொடாது. முடிவில் தன் ஆவணத்தை என்எஃப்எஸ்ஸில் "வரவு" என்ற டைரக்டரியில் தனி ஃபைலாகப் போடும். முதலில் டிஎம்பி என்ற பின்னொட்டோடு எழுதி, ஃப்ளஷ், எஃப்சிங்க் செய்து (டிஸ்க்கில் நிஜமாகவே எழுதவைத்து), பிறகு ஓஎஸ் ரீபிளேஸ் மூலம் ஜேசன் என்ற பெயருக்கு மாற்றும். தற்காலிக ஃபைலும் அதே டைரக்டரியில் இருக்க வேண்டும். நோடின் டிஎம்பி டிஸ்க்கில் எழுதிவிட்டுப் பெயர் மாற்றப் போனால் வேறு ஃபைல் சிஸ்டம் என்று மறுத்துவிடும். ஜாப் நடுவில் செத்தால் ஒரு டிஎம்பி ஃபைல் அநாதையாகக் கிடக்கும், அவ்வளவுதான். அரைகுறை ஜேசன் ஒருபோதும் வராது.

வொர்க்ஸ்டேஷனில், நேரப்படி வேலைகளைத் தொடங்கும் கிரான் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சேகரிப்பு ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்கிவிடாமல் இருக்க ஃப்ளாக் என்ற லாக் கட்டளையின் கீழ் அதை வைத்திருக்கிறோம். அது வரவு டைரக்டரியில் உள்ள ஜேசன் ஃபைல்களை 500, 500 ஆக எடுத்து, ஒவ்வொரு ஐந்நூறையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் லோக்கல் எஸ்எஸ்டியில் உள்ள எஸ்க்யூலைட் ஃபைலில் சேர்க்கிறது. இப்படிக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பது அவசியம். எஸ்க்யூலைட்டில் இன்செர்ட் மலிவு, சேர்த்ததை டிஸ்க்கில் உறுதிப்படுத்தும் கமிட்தான் செலவு. 7,200 ஆர்பிஎம் சுழலும் டிஸ்க்கில் விநாடிக்கு அறுபது கமிட் போனால் பெரிது. என்எஃப்எஸ் டைரக்டரிப் பட்டியலைக் கிளையண்ட் கேஷ் செய்வதால் புதிய ஃபைல் கண்ணில் படச் சில சமயம் ஒரு நிமிடம் ஆகும். அதைப் பிழை என்று எண்ணித் துரத்த வேண்டாம், அடுத்த சுற்றில் வந்துவிடும்.

வரிசை முக்கியம்: முதலில் கமிட், பிறகுதான் மூல ஃபைலைச் "சேர்த்தவை" டைரக்டரிக்கு நகர்த்துவது. இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போனால் அதே ஆவணம் மறுபடி ஒருமுறை சேரும். சாவி ஒன்றே என்பதால் அப்செர்ட் அதை மேலெழுதிவிட்டுப் போகும், இரட்டிப்பு வராது. இதற்கு 3.24 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு நுணுக்கத்தை அமைப்புக் குறிப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. டேட்டாபேஸைத் தொடுவது இப்போது ஒரே இயந்திரம் என்பதால் டபிள்யூ.ஏ.எல். முறையை இங்கே வைத்துக்கொள்ளலாம். அதோடு, டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்திருப்பதைக் குறைக்கும் சிங்க்ரனஸ் நார்மல் போடச் சொல்வார்கள். வேகமானது, மின்சாரம் போனாலும் ஃபைல் கெடாது, உண்மை. ஆனால் கடைசிச் சில கமிட்டுகள் இல்லாமல் போகலாம். நம் ஸ்கிரிப்டோ கமிட் ஆனதை நம்பி மூல ஃபைலை நகர்த்திவிட்டிருக்கும். பெங்களூரில் ஏப்ரல், மே மாத மாலை மழைக்கு மின்சாரம் போவது எல்லோருக்கும் தெரிந்ததே. அதனால் சேகரிப்பு ஸ்கிரிப்டில் சிங்க்ரனஸ் ஃபுல். ஐந்நூறுக்கு ஒரு கமிட் என்பதால் வேகத்தில் வித்தியாசமே தெரியாது. நகர்த்திய மூல ஃபைல்களையும் உடனே அழிப்பதில்லை. பேக்கப் முடிந்து சரிபார்த்த பிறகு டார் என்ற ஒற்றைத் தொகுப்பு ஃபைலில் கட்டி வைக்கிறோம். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் கோட்டாவில் ஐநோடு (ஃபைல்) எண்ணிக்கையைத் தின்றுவிடும் என்பதால் டார் எப்படியும் தேவைதான்.

சாவி எப்படி உருவாகிறது? உள்ளீட்டுப் பகுதியை மட்டும், அதற்குள் உள்ள பெயர்களை வரிசைப்படுத்தி, இடைவெளி இல்லாமல் ஜேசனாக்கி அதன் ஷா-256 ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு). நோடின் பெயர், நேரம், பாதை எதுவும் அதற்குள் வரக்கூடாது. வந்தால் ஒரே ரன் இரண்டு சாவி பெறும். 300 என்பதும் 300.0 என்பதும் வேறு வேறு ஹேஷ் தரும் என்பதால், ஹேஷ் போடும் முன்பே எல்லா இயற்பியல் அளவுகளையும் ஃப்ளோட் ஆக்கிவிட வேண்டும்.

இனி பைத்தானின் எண்கணித நூலகமான நம்பையால் வரும் தொல்லை. நம்பை இன்ட்64 எண்ணை ஜேசன் தொகுதி ஏற்காது, டைப் எரர் தரும். ஃப்ளோட்64 மட்டும் பைத்தான் ஃப்ளோட்டின் வாரிசு என்பதால் தப்பிவிடும், ஃப்ளோட்32 மாட்டும். இதற்கு இணையத்தில் கிடைக்கும் சுலப வைத்தியம், ஜேசனாக்கும் டம்ப்ஸ் ஃபங்ஷனில் டிஃபால்ட் என்ற இடத்தில் எஸ்டிஆர் என்று போடுவது. பிழை போய்விடும், ஆனால் 300 என்ற எண் ஆவணத்துக்குள் மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்தாகப் போய் உட்கார்ந்துவிடும். எஸ்க்யூலைட்டில் எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆகவே ஆவணத்திலிருந்து மதிப்பை எடுக்கும் ஜேசன் எக்ஸ்ட்ராக்ட் வைத்து வெப்பநிலை 300க்குச் சமம் என்று கேட்டால் ஒன்றும் வராது, 400க்குக் குறைவு என்று கேட்டாலும் ஒன்றும் வராது, 1000க்கு மேல் என்று கேட்டால் அத்தனையும் வரும். எங்கும் பிழைச் செய்தி இல்லை. டிஃபால்ட்டுக்கு நாமே ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி, நம்பை எண்ணாக இருந்தால் அதன் ஐட்டம் மெத்தடை அழைப்பதுதான் சரி. வேறு எது வந்தாலும் பிழை எழுப்பட்டும்.

நேன் (எண் அல்லாத மதிப்பு) இன்னொன்று. குவியாத ரன்னில் ஆற்றல் நேன் ஆக வரும். பைத்தான் அதை அப்படியே எழுதிவிடும், ஆனால் அது முறையான ஜேசன் இல்லை. பழைய எஸ்க்யூலைட்டில் அப்படி ஒரே ஒரு வரி இருந்தாலும் முழு டேபிளையும் அலசும் கேள்வி "மால்ஃபார்ம்டு ஜேசன்" என்று நின்றுவிடும். 3.42க்குப் பிறகு அதை நல் (வெற்று மதிப்பு) ஆகப் படித்துக்கொள்ளும், அது பிழையை மறைக்கத்தான் உதவும். டம்ப்ஸில் அலௌ நேன் என்பதை ஃபால்ஸ் ஆக்கி, குவியாததை நல் என்றும், தனியாக "நிலை" என்ற சாவியில் காரணத்தையும் எழுதுங்கள். டேபிளில் ஜேசன் வேலிட் என்ற செக் கட்டுப்பாடும் இருக்கட்டும். ஒற்றை ஆர்க்யூமெண்டோடு அழைத்தால் அது புதிய பதிப்பிலும் நேனை விடாது.

தேடலுக்கு இன்டெக்ஸ். ஜேசன் எக்ஸ்ட்ராக்ட் கோவை (எக்ஸ்பிரஷன்) மேலேயே இன்டெக்ஸ் போடலாம், ஆனால் கேள்வியிலும் அதே கோவை எழுத்துக்கு எழுத்து இருந்தால்தான் பயன்படும். ஒருவர் அம்புக்குறியிட்டு எழுதுவார், ஒருவர் ஃபங்ஷன் பெயர் எழுதுவார். பாதிப் பேருக்கு இன்டெக்ஸ் கிடைக்காது. எனவே அடிக்கடி தேடும் மூன்று நான்கு அளவுகளுக்கு மட்டும் விர்ச்சுவல் ஜெனரேட்டட் நெடுவரிசை (ஆவணத்திலிருந்து தானாகக் கணக்கிடப்படுவது) சேர்த்து, அதன்மேல் இன்டெக்ஸ் போட்டோம். இது 3.31 முதல் உண்டு. விர்ச்சுவல் வகையை ஆல்டர் டேபிள் மூலம் பின்னாலும் சேர்க்கலாம், ஸ்டோர்டு வகையைச் சேர்க்க முடியாது. எக்ஸ்பிளெய்ன் குவெரி பிளான் ஓட்டிப் பாருங்கள்: சர்ச் என்று வந்தால் இன்டெக்ஸ் வேலை செய்கிறது, ஸ்கேன் என்று வந்தால் இல்லை.

பதிப்பு எண்கள் இவ்வளவு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சென்ட்ஓஎஸ் 7இல் உள்ள எஸ்க்யூலைட் 3.7.17, ஜேசனே கிடையாது. உபுண்டு 22.04இல் 3.37.2, 24.04இல் 3.45.1. பைத்தானுக்குள் எந்தப் பதிப்பு ஏறியிருக்கிறது என்பதை எஸ்க்யூலைட்3 தொகுதியின் எஸ்க்யூலைட் வெர்ஷன் மாறி சொல்லும். கட்டளை வரியில் தெரிவதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் அமைப்பில் கம்ப்யூட் நோடுகளுக்கு ஜேசன் தொகுதி மட்டும் போதும் என்பதால், கிளஸ்டரின் பழைய மென்பொருள் நம்மைப் பாதிப்பதில்லை. எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்த பலன் இதுதான்.

பெரிய அர்ரேக்களை ஆவணத்துக்குள் திணிக்க வேண்டாம். 100 × 100 × 100 கட்டம், ஃப்ளோட்64 என்றால் பைனரியில் 8 எம்பி. ஜேசன் எழுத்தாக அது ஏறக்குறைய 20 எம்பி ஆகும். அது பெரிய அர்ரேக்களுக்கான எச்டிஎஃப்5 ஃபைலுக்குப் போகட்டும். ஆவணத்தில் பாதையும் அந்த ஃபைலின் ஷா-256 மட்டும் இருக்கட்டும்.

பேக்கப்பில் ஒரு பொறி இருக்கிறது. டபிள்யூ.ஏ.எல். முறையில் டேட்டாபேஸ் ஃபைலை மட்டும் சிபி கட்டளையால் நகலெடுத்தால், கூட இருக்கும் டபிள்யூ.ஏ.எல். பதிவு ஃபைலில் உள்ள கமிட்டுகள் விடுபடும். வேக்கூம் இன்டூ கட்டளை சரியான, சுருங்கிய ஒற்றை நகலைத் தருகிறது. அதை லோக்கல் டிஸ்க்கில் எடுத்து, இன்டெக்ரிட்டி செக் ஓட்டி, பிறகு என்எஃப்எஸ்ஸுக்கு அனுப்புகிறோம். ஏழு நாள் நகல் வைத்தாலும் 1 ஜிபிக்குள் அடங்கும். டபிள்யூ.ஏ.எல். பதிவு ஃபைல் சாதாரணமாக 4 எம்பி சுற்றியே இருக்கும். அது ஜிபி கணக்கில் வளர்ந்தால், யாரோ ஜூபிட்டர் நோட்புக்கில் ஒரு கர்சரை முடிக்காமல் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த கெர்னலை மூடினால் அடுத்த செக்பாயிண்ட் எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துவிடும். ஃபைலின் அளவு மட்டும் சிறுக்காது, அதற்கு ஒருமுறை டிரங்கேட் செக்பாயிண்ட் கொடுக்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால் மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் இல்லை. எஸ்.பி. ரோட்டில் ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டியும் வொர்க்ஸ்டேஷனைத் தாங்கும் யூபிஎஸ்ஸும் வாங்கினால் போதும். யூபிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்க வேண்டாம். திறனைப் பார்க்கும்போது விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள்; 600 விஏ என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான், ஜிபியூ உள்ள இயந்திரத்துக்கு அது காணாது.

மறுபடி தொடங்கினால் இரண்டு விஷயங்களை முதல் ஆவணத்திலிருந்தே செய்வோம். ஒவ்வொரு ஆவணத்திலும் "வடிவம்" என்ற சாவியில் ஒரு எண். ஆவண அமைப்பு மாறும்போதெல்லாம் அது ஒன்று கூட வேண்டும். மற்றொன்று, சாவியின் பெயரிலேயே அலகு: வெறும் அழுத்தம் என்று இருந்தால் பாரா, அட்மாஸ்பியரா, கிகாபாஸ்கலா என்று ஆவணம் சொல்லாது. பின்னால் இதைச் சரிசெய்ய மூல உள்ளீட்டு ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருக்கிறது.

பகுப்பாய்வுக்கு டக்டிபி என்ற டேட்டாபேஸின் எஸ்க்யூலைட் நீட்சி வழியாக இதே ஃபைலை இணைத்துக்கொள்ளலாம், சராசரி, தொகுப்பு மாதிரியான கேள்விகள் அதில் வேகம். அதையும் பேக்கப் நகலின் மேல் ஓட்டுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலின் மேல் வேண்டாம்.

இந்த அமைப்பு முடிவுகளைச் சேர்த்துவைக்க மட்டும். நோடுகள் டேட்டாபேஸைப் பார்த்து அடுத்த வேலையைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தேவை வந்தால், பல பேர் ஒரே நேரத்தில் எழுதும் நிலை திரும்ப வந்துவிடும். அப்போது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரை வைத்துவிடுவதே சரி. 2014இல் வந்த 9.4 முதல் அதில் ஆவணங்களை வைக்க ஜேசன்பி என்ற வகை இருக்கிறது. சாவியும் ஆவணமும் என்ற இதே இரண்டு நெடுவரிசையை ஒரு சிறு ஸ்கிரிப்டில் அங்கே ஏற்றிவிடலாம், ஜாப் பக்கத்து நிரலில் வரவு டைரக்டரிக்கு எழுதும் இடம் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.